வெந்நீரில் குளித்த ஒட்டுக்கட்டை

அந்தக் காப்பகத்தில் மிஸ், மேடம் என்ற பேச்சே கிடையாது. அதை நடத்துகிற அக்காவைப் பிள்ளைகள் பெரியம்மா என்று கூப்பிடும். அவளோடு நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தங்கையைச் சித்தி என்று கூப்பிடும். பெற்றவர்களுக்கு அதைக் கேட்டாலே மனசு குளிர்ந்துவிடும். சொந்த வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவது போல நிம்மதியாகப் போவார்கள்.

அக்கா தங்கை என்றாலும் இருவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பெரியவள் பேசினால் தெருமுனையில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். சின்னவள் வாயைத் திறப்பதே பிள்ளைகளிடம்தான். பெரியவர்கள் யாராவது எதிரே வந்து நின்றால் அவள் கண் தரையைத் தேடும். கை புடவைத் தலைப்பை முறுக்கும். "உன் தங்கச்சிக்கு வாய்ல கொழுக்கட்டையா?" என்று கேட்காத பெற்றோர் இல்லை.

பெரியவளுக்குத் தன் காப்பகத்தைப் பற்றி இரண்டு பெருமை. ஒன்று, சுத்தம். வாரக் கடைசியில் அங்கே இருக்கிற பொம்மை அத்தனையும் கொதிக்கிற வெந்நீரில் முங்கி எழ வேண்டும். இன்னொன்று, கை காட்டுவது. மதியம் பாய் விரித்ததும் பெரியவள் வாசற்படியில் நின்று "கை காட்டு!" என்று ஒரு குரல் கொடுப்பாள். பிள்ளைகள் வரிசையாக வந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி, சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் படுக்கப் போகலாம். பொத்தான், மணி, பென்சில் முனை என்று எது இருந்தாலும் பறிமுதல்.

அங்கே ஒட்டுக்கட்டை வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கண்ணாடி போன்ற வண்ண பிளாஸ்டிக்கில் சதுரமும் முக்கோணமும். ஓரத்துக்கு உள்ளே பயறு அளவுக்குக் காந்தம் வைத்து மூடியிருக்கும். பக்கத்தில் கொண்டுபோனால் ஒன்று இன்னொன்றை டப்பென்று கவ்விக்கொள்ளும். வந்த அன்றைக்கே பழைய மரக்கட்டைகள் மூலைக்குப் போய்விட்டன. பெட்டியின் மேல் 'ஈரத்துணியால் துடைக்கவும். வெந்நீர் கூடாது' என்று எழுதியிருந்தது. சின்னவள் அதை வாய்விட்டுப் படித்தும் காட்டினாள்.

"துடைச்சா கிருமி செத்துடுமா? எல்லாப் பொம்மைக்கும் ஒரு சட்டம், இதுக்கு ஒரு சட்டமா? ஊத்துடி" என்றாள் பெரியவள்.

சின்னவள் ஊற்றினாள். வாரா வாரம் ஊற்றினாள்.

அன்றைக்குப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்த நேரம். கட்டைகளை அடுக்கி வைக்கும்போது நீலச் சதுரம் ஒன்று அவள் கையில் லொடலொடத்தது. திருப்பிப் பார்த்தாள். ஒட்டியிருந்த ஓரம் விட்டுப்போய், சிப்பி வாய் திறந்தது போல் இருந்தது. உள்ளே வரிசையாகக் குழிகள். குழிக்கு ஒரு காந்தம் இருக்க வேண்டும். இரண்டு குழி காலி.

மற்றக் கட்டைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள்; எதுவும் லொடலொடக்கவில்லை.

மண்டி போட்டுத் தேடினாள். இன்னொரு கட்டையை எடுத்து, துணிக்கு இஸ்திரி போடுவது போலத் தரைவிரிப்பு முழுக்கத் தேய்த்தாள். காந்தம் கீழே கிடந்தால் காந்தத்தைப் பார்த்ததும் ஓடிவந்துவிடும். வந்தது ஒரு கொண்டை ஊசி, ஒரு ஊக்கு, என்றைக்கோ காணாமல் போன பொம்மைக் காரின் அச்சு. காந்தம் வரவில்லை. பாய்களுக்கு அடியில் தேய்த்தாள், குப்பைக்கூடையைக் கொட்டித் தேய்த்தாள், செருப்பு வரிசையில் தேய்த்தாள். ஒன்றுமில்லை.

உடைந்த சதுரத்தோடு அலுவல் அறைக்குப் போனாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் பெரியவள்.

சின்னவள் சதுரத்தை மேசைமேல் வைத்தாள். "ரெண்டு காந்தத்தைக் காணோம் அக்கா."

"கீழ கிடக்கும். நல்லாத் தேடு."

"தேடிட்டேன். குப்பையக்கூட விடல."

"அப்ப கழுவும்போதே சாக்கடைல போயிருக்கும்."

"போயிருக்கலாம். பிள்ளை வயித்துக்குள்ளயும் போயிருக்கலாம்."

பெரியவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "மெதுவாப் பேசு. சுவத்துக்குக் காது இருக்கு."

"ஒண்ணு முழுங்கினா வெளிய வந்துடும். ரெண்டு முழுங்கினா குடல் மடிப்புக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிச்சுக்கும். நடுவுல மாட்டின இடம் ஓட்டையாயிடும். பயிற்சி வகுப்புல சொன்னாங்களே, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதானே உக்காந்திருந்தோம்?"

"எனக்குத் தெரியாதா? எனக்கே பாடம் எடுக்க வந்துட்டா." பெரியவள் சதுரத்தை எடுத்து இழுப்பறையில் போட்டுச் சாவியைத் திருப்பினாள். "அடுத்த வாரம் உரிமம் புதுப்பிக்க ஆளு வராங்க. இந்த நேரத்துல வாயத் திறந்தா அவ்வளவுதான், ஒத்தப் பிள்ளை தங்காது. ஒத்த அறையில ஆரம்பிச்சு இந்த நிலைக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு உனக்குத் தெரியும்ல? யாருக்காவது வாந்தி, வலின்னு வந்தா அப்பப் பாத்துக்கலாம்."

"வலி வந்த பிறகு பாத்தா நேரம் கடந்துடும் அக்கா."

"ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்."

"நீ என்ன எக்ஸ்ரே மிஷினா?"

சொன்ன பிறகுதான் சின்னவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அக்காவை எதிர்த்து அவள் ஒரு சொல் சொல்லி யாரும் கேட்டதில்லை. பெரியவள் மேசைமேல் இருந்த காப்பகத்துக் கைபேசியையும், சின்னவள் கையிலிருந்த கைபேசியையும் எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"இப்பப் போய் பால் ஆத்து" என்றாள்.

காலையில் ஒட்டுக்கட்டையோடு விளையாடியவர்கள் யார் யார் என்று சின்னவளுக்கு யோசிக்கவே வேண்டாம். அவள் வைத்த பட்டப்பெயரிலேயே சொல்லிவிடுவாள். தூங்கும் நேரம் தவிர வாய் ஓயாத கிளி. பின்னால் கை கட்டிக்கொண்டு நடக்கிற மந்திரி. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று ஓடுகிற இரட்டைவால்கள் இரண்டு பேர். மற்ற பிள்ளைகள் அந்தப் பக்கமே போகவில்லை. எல்லோரும் எழுந்ததும், இந்த நாலு பேரை மட்டும் தனியே உட்கார வைத்தாள். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டுமே என்று, பாலும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை என்றாள்.

"பச்சத் தண்ணிகூடக் கிடையாதா சித்தி?" என்றான் மந்திரி. கை பின்னால் கட்டியபடியே கேட்டான்.

"கிடையாது ராசா."

"இது அநியாயம்" என்றான்.

"யாராவது எதையாவது வாய்ல போட்டீங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டாள். நாலு தலையும் இடவலமாக ஆடின. ஆனால் கிளியின் தலை ஆடியது சுரத்தில்லாமல். எழுந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னடா கண்ணு?"

"வயித்த வலிக்குது" என்றாள் கிளி.

இதற்கு மேல் மறைக்க முடியாது என்று சின்னவளுக்குப் பட்டது. பெற்றவர்கள் வருகிற நேரமும் ஆகிவிட்டது. வாசலுக்குப் போனாள். இரும்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டு, அதன் முன்னால் நின்றுகொண்டாள்.

முதலில் வந்தவர் இரட்டைவால்களின் அப்பா. வக்கீல். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கோட்டோடு திரிவார் என்று அவர் மனைவியே கேலி பண்ணுவாள்.

"என்னம்மா, பிள்ளைகளைச் சிறை வெச்சிருக்கீங்களா?" என்றார் சிரித்துக்கொண்டே.

சின்னவளின் கண் தரையைத் தேடியது. தேடிய கண்ணை வலுக்கட்டாயமாக மேலே தூக்கினாள். "சார், பொம்மைலேர்ந்து ரெண்டு காந்தம் கழண்டு காணாமப் போச்சு. உங்க பிள்ளைங்க அதுலதான் விளையாடினாங்க. முழுங்கியிருக்கலாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுக்கணும்."

பெரியவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். "சார், இவ சும்மா பயந்துக்குறா. எலியப் பாத்தாலும் புலின்னு கத்துவா."

"முழுங்கினதை யாராவது பாத்தீங்களா?" வக்கீலின் குரலில் நீதிமன்றம் ஏறிக்கொண்டது.

"பாக்கல."

"சாட்சியும் இல்லை, தடயமும் இல்லை. எதை வெச்சுச் சொல்றீங்க?"

"காந்தம் இல்ல சார். அதை வெச்சுத்தான்."

"ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா உங்க ரெண்டு பேருக்கும் நோட்டீஸ் வரும்."

"அனுப்புங்க சார். படம் எடுத்துட்டு அனுப்புங்க."

இதற்குள் கிளியின் அம்மா வந்துவிட்டாள். தையற்கடை வைத்திருப்பவள், கழுத்தில் அளவுநாடா தொங்கியது. விஷயத்தைக் கேட்டதும் அவள் கேள்வியே கேட்கவில்லை, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு "எந்த ஆஸ்பத்திரி?" என்றாள். கடைசியாக மந்திரியின் அப்பா. பேருந்து ஓட்டுநர். ஆள் வாட்டசாட்டம், கோபம் மூக்குக்கு மேலே. மகனைக் குனிய வைத்து, நிமிர வைத்து, குதிக்க வைத்துப் பார்த்தார்.

"கல்லாட்டம் இருக்கான். பசிக்குதுன்றான். இவனுக்கு என்ன கேடு?"

"எல்லாரும் போறாங்க, நீங்களும் வாங்கண்ணே."

"சரி, வரேன். வந்து தொலைக்கிறேன்."

பக்கத்துத் தெருவிலேயே குழந்தைகள் மருத்துவமனை. மற்ற பிள்ளைகளைச் சமையற்கார அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டுப் பெரியவளும் கூடவே வந்தாள். அவளுக்குத் தங்கையைத் தனியே பேசவிடப் பயம்.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். 'காந்தம்' என்ற சொல் காதில் விழுந்ததும் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டாள். "எத்தனை?"

"ரெண்டு."

"ஏதாவது சாப்பிடக் குடுத்தீங்களா?"

"ஒண்ணும் குடுக்கல டாக்டர்."

"நல்லது. வலிக்குதுன்ற பிள்ளையை முதல்ல அனுப்புங்க."

கிளி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மருத்துவர் திரையில் படத்தைக் காட்டினாள். எலும்பு இருந்தது, காற்று இருந்தது. காந்தம் இல்லை. "வயிறு சரியாப் போகல, அந்த வலிதான். நிறையத் தண்ணி குடிக்கணும் பாப்பா" என்றாள். அடுத்து இரட்டைவால்கள். அவர்கள் வயிறும் துடைத்துவிட்டது போல் இருந்தது.

பெரியவள் தங்கையின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். "திருப்தியா? வயித்துவலின்னதுமே முடிவு கட்டிட்ட. என் மானத்தைக் கப்பலேத்திட்ட."

"இன்னும் ஒருத்தன் இருக்கான் அக்கா."

"அவன் அங்க துள்ளிக்கிட்டு இருக்கான்டி!"

கிளியைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா போய்விட்டாள். வக்கீலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளோடு கிளம்பினார். "நோட்டீஸ் வரும்" என்று நினைவுபடுத்திவிட்டுப் போனார். அவர் போவதைப் பார்த்ததும் ஓட்டுநருக்கும் பொறுமை போய்விட்டது.

"வலிக்குதுன்ன பிள்ளைக்கே ஒண்ணுமில்லையாம். எம் புள்ளைக்கு எதுக்கு வீணா எக்ஸ்ரே கதிர் படணும்? வாடா, முதல்ல உனக்கு ஏதாவது வாங்கித் தரேன்." மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

சின்னவள் பின்னாலேயே ஓடினாள். அவர் மகனை மோட்டார் சைக்கிளின் முன்னால் உட்கார வைத்துச் சாவியைப் போட்டு உதைத்துக் கிளப்பினார். வண்டி உறுமியது. அவள் கை நீண்டது. சாவியைத் திருப்பி உருவி, உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

வண்டி நின்றது. ஓட்டுநருக்குக் கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்றே புரியவில்லை.

"சாவியக் குடு."

"படம் எடுத்துட்டு வாங்க, தரேன்."

"ஏம்மா, நான் பஸ் ஓட்டுறவன். நடுரோட்டுல என் சாவியப் பிடுங்கின ஆளு இன்னும் பொறக்கல."

"பொறந்து உங்க முன்னாலதான் நிக்கிறேன்."

கூட்டம் கூடிவிட்டது. பெரியவள் ஓடிவந்தாள். "சாவியக் குடுத்துடு! அண்ணே, மன்னிச்சுக்குங்க. இவ இனிமே என் தங்கச்சியும் இல்ல, என் வாசப்படி மிதிக்கவும் மாட்டா."

"மிதிக்க மாட்டேன்" என்றாள் சின்னவள். ஓட்டுநர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, மூணு பேருக்கு இல்லன்னா நாலாவது ஆளுக்கும் இருக்காதுன்னு எங்க எழுதியிருக்கு? வலி வந்த பிறகு வந்தீங்கன்னா வயித்தக் கிழிச்சுத்தான் எடுப்பாங்க. ஒண்ணும் இல்லன்னா இங்கயே, இத்தனை பேரு முன்னால, என்னை ரெண்டு அறை அறைஞ்சுட்டுச் சாவிய வாங்கிட்டுப் போங்க."

"அடிச்சிருவேன்."

"அடிங்க. அவனை உள்ள விட்டுட்டு வந்து அடிங்க."

ஓட்டுநர் அவளை முறைத்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. வண்டியில் உட்கார்ந்திருந்த மந்திரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்பா, பசிக்குது" என்றான்.

ஓட்டுநர் பல்லைக் கடித்துக்கொண்டு அவனைத் தூக்கினார். "உனக்காக இல்ல. சாவிக்காகப் போறேன்."

திரையில் மந்திரியின் படம் வந்தது. விலாவுக்குக் கீழே, வெள்ளை வெளேரென்று, இரண்டு பயறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"இன்னும் இரைப்பையிலதான் இருக்கு. வாய் வழியாக் குழாய் விட்டு எடுத்துடலாம். குடலுக்குள்ள இறங்கியிருந்தா வேற கதை" என்று சொல்லிக்கொண்டே மருத்துவர் ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

ஓட்டுநரின் முகத்தில் ஈயாடவில்லை. மகனின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "ஏன்டா முழுங்கின?"

"முழுங்கலப்பா" என்றான் மந்திரி. இப்போது கை பின்னால் இல்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்திருந்தது. "பெரியம்மா கை காட்டுன்னாங்க. கைல இருந்தா வாங்கிடுவாங்கல்ல? அதான் வாய்ல வெச்சிக்கிட்டேன். படுத்தேனா, அதுவே உள்ள போயிடுச்சு."

பெரியவள் பக்கத்திலிருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. ஓட்டுநர் நடந்தார், நின்றார், மறுபடி நடந்தார். கதவு திறந்து, எடுத்தாயிற்று, பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று சொல்லும் வரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சொன்ன பிறகு மருத்துவர் கேட்டாள்: "காந்தம் எப்படிக் கழண்டது? தெரிஞ்சா மத்த இடத்துக்கும் சொல்லலாம்."

"மட்டமான சரக்கு டாக்டர். தானா விட்டுப்போச்சு" என்றாள் பெரியவள் முந்திக்கொண்டு.

"தானா விடல" என்றாள் சின்னவள். "வெந்நீர் ஊத்தக் கூடாதுன்னு பெட்டியிலயே போட்டிருந்தது. வாரா வாரம் ஊத்தினோம். பசை இளகிடுச்சு. ஊத்துன்னு சொன்னது அக்கா. ஊத்தினது நான்."

பெரியவள் கண்ணால் எரித்தாள். ஓட்டுநர் இரண்டு பேரையும் பார்த்தார். உங்களை என்ன செய்தால் தகும் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. கை நீட்டினார். சின்னவள் சாவியைக் கொடுத்தாள். அவர் மகனைப் பார்க்க உள்ளே போனார்.

"கெடுத்துட்டல்ல? எல்லாத்தையும் கெடுத்துட்டல்ல?" என்றாள் பெரியவள்.

"நாளைக்குக் காலைல கேட்டுல நிப்பேன். வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்வேன்."

"உன்னை வேலைய விட்டுத் தூக்கிட்டேன்னு சொன்னேன்ல?"

"அதான் உள்ள வரல, கேட்டுல நிக்கிறேன்றேன். தெரு உன்னோடதா?"

சொன்னபடியே மறுநாள் காலையில் தெருவில் நின்றாள். இரவு முழுக்கத் தூங்காத முகத்தோடு பெரியவள் வந்து கதவைத் திறந்தாள். திறந்தவள் உள்ளே போகவில்லை. இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவள்.

முதலில் வந்தவள் கிளியின் அம்மா. சின்னவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவளின் குரல் எழுந்தது. வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரல்.

"நேத்து ஒரு பிள்ளை காந்தம் முழுங்கிட்டான். எடுத்தாச்சு, நல்லா இருக்கான். அந்தக் கட்டை இனிமே இங்க கிடையாது. தூங்கறதுக்கு முன்னால இனிமே வாயையும் பாப்போம். மட்டமான சரக்கு, என்ன பண்றது—"

"வெந்நீர் ஊத்தினது நாங்க" என்றாள் சின்னவள் தெருவிலிருந்து.

பெரியவள் பல்லைக் கடித்தாள். "நானே சொல்லியிருப்பேன்."

"சொல்லு. கேட்டுட்டுத்தானே நிக்கிறாங்க."

பெரியவள் கிளியின் அம்மா பக்கம் திரும்பினாள். "ஊத்தக் கூடாதுன்னு எழுதியிருந்தும் ஊத்தினோம். என் தப்பு."

கிளியின் அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டாள். கிளி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"பாத்தியா? போயிட்டா" என்றாள் பெரியவள்.

"போகட்டும். தெரிஞ்சுதானே போறாங்க."

"இப்படியே எல்லாரும் போயிட்டா?"

"போனா போகட்டும் அக்கா. அடுத்தது வக்கீல் வராரு. எங்கயும் முழுங்காம முழுசாச் சொல்லு."

பெரியவள் அவளை முறைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, தெருவைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.